சம்பந்தி கொடுத்த பாதி அட்டை

மார்ச் 3, திங்கள்

இன்றும் காரில் முன் சீட்டு சம்பந்திக்குத்தான். "மாமாவுக்குக் கால் நீட்டணும்பா" என்கிறாள் மகள். நான் என்ன, காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வந்தேன்?

இருவருக்கும் சிறுநீரகம் ஓய்வு வாங்கிக்கொண்டது. இருவருக்கும் கழுத்தோரம் குழாய், ஒரே டயாலிசிஸ் கூடம், ஒரே கிழமைகள். அவர் கல்லூரி முதல்வராக இருந்தவர். நான் யாரிடமும் படிக்காமல் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றவன். நர்ஸ் அவரை 'சார்' என்கிறாள், என்னைத் 'தாத்தா' என்கிறாள். அவர் என்னைவிட மூத்தவர்.

மார்ச் 7, வெள்ளி

மெஷின் ஓடும்போதே சம்பந்திக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ரத்தத்தில் கிருமி புகுந்திருக்குமாம், குழாய் வழியாக. எங்களைப் போன்றவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, சட்டென்று பரவிவிடும் என்றார் டாக்டர். குழாயை எடுத்துவிடலாம் என்றதற்கு, "மருந்துல பாருங்களேன், மறுபடி குத்துறது தாங்காது" என்று சம்பந்தி கேட்டுக்கொண்டார். கேட்டதும் கிடைத்துவிட்டது.

மகள் வார்டில் பழியாகக் கிடக்கிறாள். நான் ஆட்டோவில் வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஊசி முடிந்து அவர் வீடு திரும்பினார். மிச்சத்துக்கு மாத்திரை. மகள் போகும்போதும் வரும்போதும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். என் நெற்றி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

மார்ச் 20, வியாழன்

நேற்றிலிருந்து எனக்குக் குளிர். யாரிடமும் சொல்லவில்லை. மரியாதைக்குச் சம்பந்தியைப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்தவர் விடவில்லை.

"என்ன சம்பந்தி, கை இப்படிச் சுடுது?"

"வெயில்ல நடந்து வந்தேன்."

"வெயில்ல யாராவது நடுங்குவாங்களா? இந்தாங்க, என் மாத்திரைல பாதி எடுத்துக்கோங்க. எனக்குத்தான் ஜுரம் விட்டுடுச்சே."

"உங்களுக்கு?"

"நமக்குள்ள என்ன இருக்கு. பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

கத்தரிக்கோலால் அட்டையைச் சரிபாதியாக வெட்டினார். சம்பந்தி கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? கொடுத்த பெருமையும் அவருக்கே போயிற்று. இருக்கட்டும். அவரைக் குணப்படுத்திய மருந்து என்னைக் குணப்படுத்தாதா? என் ரத்தம் என்ன மட்டமா?

மார்ச் 21, வெள்ளி

டயாலிசிஸில் காய்ச்சலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். "வீட்டுல ஏதாவது மாத்திரை போட்டீங்களா தாத்தா?"

இல்லை என்றேன். என்னை 'சார்' என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

ரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மருந்து வேலை செய்கிறது.

மார்ச் 28, வெள்ளி

பாதி அட்டை தீர்ந்தது. காய்ச்சல் முன்னைவிட மோசம். வார்டு. மறுபடி ரத்தம்.

மார்ச் 31, திங்கள்

இந்த முறை வளர்ந்துவிட்டது. பெரும்பாலான மருந்துக்கு அசையாத கிருமியாம். முதல் தடவையே வளர்ந்திருந்தால் இத்தனை நாள் வீணாகியிருக்காது என்கிறார் டாக்டர். அரைகுறையாக மாத்திரை போட்டிருந்தால் கிருமி இப்படி மறைந்துகொள்ளுமாம். அதற்குக் கேட்கிற ஊசி மருந்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம். குழாயையும் எடுக்க வேண்டுமாம்.

"உள்பக்கம் பாசி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு பெரியவரே. மருந்து அங்க வேலை செய்யாது."

"சம்பந்திக்கு எடுக்கலையே?"

"அது சாதாரணக் கிருமி. இது வேற."

கிருமியில்கூட அவருக்கு நல்லதாக வாய்த்திருக்கிறது. முடியாது என்றேன். கையெழுத்துப் போடவில்லை. மகள் அழுதாள், எனக்காக. பொய் எழுத மாட்டேன். அது நன்றாக இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

தனி அறை. உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் கவுன், கையுறை. மகளுக்கும். சம்பந்தி நெற்றியை அன்று வெறும் கையால் தொட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

சம்பந்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். காய்ச்சல் திரும்பி, பிரஷர் இறங்கி, பேச்சு இல்லை.

என் அறை வாசலில்தான் டாக்டர் மகளைக் கேட்டார், "மாத்திரையை முழுசா முடிச்சாரா?" முடித்தார், ஒன்றுகூட மிச்சமில்லை என்றாள். "அப்ப அந்த மருந்துக்கு இனிமே அடங்காதுன்னுதான் அர்த்தம். ரிப்போர்ட் வர வரைக்கும் காத்திருக்க முடியாது. மாத்திடலாம்."

அவரால் சொல்ல முடியாது. தெரிந்தவன் நான் ஒருவன்.

சொன்னால் மகள் என்ன நினைப்பாள்? சொல்லாமல் அவர் போய்விட்டால்? ஆயுசுக்கும் மாமா, மாமா என்று உருகிக்கொண்டிருப்பாள். இருக்கிற மனுஷனோடயே மல்லுக்கட்ட முடியல, போனவரோட எப்படி?

டாக்டரைக் கூப்பிட்டேன். "அவர் முடிக்கல. பாதி நான் தின்னுட்டேன்."

கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பழைய மருந்தையும் விடாமல் சேர்த்தே கொடுக்கிறார்களாம். சம்பந்தியின் குழாயை எடுத்துவிட்டார்கள். அவருடையதை எடுத்தபின் என்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? கையெழுத்துப் போட்டேன்.

மகள் இந்தப் பக்கமே வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சம்பந்தி கண் திறந்து தண்ணீர் கேட்டாராம். அவர் கிருமி பழைய மருந்துக்கு அடங்குகிற அதே கிருமிதான் என்று ரிப்போர்ட். எனக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை.

மத்தியானம் மகள் வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பிரஷர் மாத்திரையை நீட்டினாள். விழுங்கினேன். அவள் நகரவில்லை.

"வாயத் திற."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"உன் மாமாவையும் இப்படித்தான் சோதிக்கிறியா?" என்றேன்.

"அவரையும்தான். உங்க ரெண்டு பேரையும் இனிமே நம்புறதா இல்ல."

இரண்டு பேரையும். சரி.

முதலில் எந்த அறைக்குப் போய்விட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.