நான் தூக்கிப் பிடித்த வைஃபை

அக்கா,

பக்கத்து வீட்டில் ஏசி மாட்டுகிறார்கள். காலையிலிருந்து கான்கிரீட்டைத் துளைக்கிற சத்தம். ஜன்னல் வழியாக அந்தத் தூள் வாசனை உள்ளே வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். சுட்ட சுண்ணாம்பும் சூடேறிய இரும்பும் கலந்த வாசனை. உனக்குத் தெரியும். உன் கட்டில் முழுக்க அன்றைக்கு அதைத்தானே கொட்டினேன்.

உன் பிள்ளை சீனு சிங்கப்பூரிலிருந்து நண்பன் கையில் அந்த வைஃபை பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தான். வெள்ளையாக, இட்லித் தட்டு அளவு. கீழே என் வீட்டில் இருந்த இன்டர்நெட் மாடியில் உன் அறைக்கு ஏறவில்லை. ஏறாததற்கு நான்தான் காரணம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். கீழும் மேலும் தளம் போட்டபோது கூடவே நின்று இரண்டு மடங்கு கம்பி கட்ட வைத்தவன் நான். மேலே யானையைக் கட்டலாம். ஒரகடத்துக் கம்பெனி லாரியை லோடோடு நிறுத்தலாம். வைஃபை எப்படிப் போகும்?

பெட்டியின் அட்டையில் படம் இருந்தது. சீலிங் நடுவில் அது ஒட்டிக்கொண்டிருக்க, சுற்றிலும் அலை அலையாகக் கோடுகள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்றாலும், படம் பார்த்து வேலை செய்வதில் என்னை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கிரில் பட்டறையிலிருந்து டிரில்லிங் மிஷின் வாங்கி வந்தேன். அது இரும்பு துளைக்கிற மிஷின், கான்கிரீட்டுக்கு வேறு என்று பக்கத்து வீட்டுக்காரன் இப்போது சொல்கிறான். சொல்லட்டும்.

கட்டில் ஓரமாக மேசையைப் போட்டு ஏறினேன். மிஷின் முனையில் மாட்டுகிற பிட், ஒன்று மாற்றி ஒன்றாக உடைந்தது. ஒன்று பறந்துபோய் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவைத் துளைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேனே, அது கொஞ்சம் கூடுதல். ஜன்னல் வரை போனது நிஜம்.

"டேய், கோலமாவு மாதிரி கொட்டிகினே கீற. ஓட்ட எங்கடா?" என்றாய், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

"தளம் யாரு நின்னு போட்டது யக்கா? எனக்கே வழி வுட மாட்டேங்குது பாரு."

"வாயால தொளச்சிப் பாரு. ஒரே செகண்டுல ஆகாசம் தெரியும்."

சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்குகிற வரை நான் மேசை மேலேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில நாள் முன்புதான் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இனி மருந்து கேட்காது, பிள்ளையைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீ ஒரே பார்வையில் விஷயத்தை வாங்கிவிட்டாய். "சீனு மூஞ்சியப் பாத்து நானே சொல்றேன். நீ நடுவுல உளறாத" என்றாய். அதனால்தான் அவன் வீடியோவில் கூப்பிடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி வேலை செய்தே ஆக வேண்டியிருந்தது.

அவன் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது, ஓட்டை வரவில்லை. படத்தில் சீலிங் என்றால் சீலிங்தான். கீழிருந்து இழுத்த வயரைச் சொருகி, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக் கான்கிரீட்டோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. கீழே உன் போனில் அவன் குரல்.

"இன்னாமா, எளச்சிட்ட மாதிரி கீற?"

"போன்ல அப்டித்தான் தெரியும். சும்மா சளி. வேல பெர்மனென்ட் ஆவுற வரைக்கும் அங்கியே இரு. பொங்கலுக்கு வந்தா போதும்."

குனிந்து பார்த்தேன். நீ வேண்டுமென்றே என் பக்கம் திரும்பவில்லை. சொல்லப்போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கி வந்து போனைப் பிடுங்கலாம் என்றால், கையை எடுத்ததும் லைன் போய்விடும். மேலிருந்தே கத்தினேன்.

"டேய் சீனு! உங்கம்மா பொய் சொல்லுதுடா! டாக்டரு கைய விரிச்சிட்டாரு. இன்னிக்கே கெளம்பி வாடா!"

 அவன் சிரித்தான். "மாமாவா? ஆரம்பிச்சிட்டாரா?"

"உங்க மாமனத் தெரியாதா? கிருத்திகைக்கு என்னைக் கெணத்துல தள்ளுனவனாச்சே" என்றாய் நீ.

தள்ளியது உண்மைதான், போனில். சீனு ஓசூரில் வேலையிலிருந்தபோது, வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகைக்கு அவனை வரவழைக்க உன்னைக் கிணற்றில் விழ வைத்தேன். தீயணைப்பு வண்டி, கயிறு, ஏணி எல்லாம் போட்டேன். அவன் அலறி அடித்துக்கொண்டு வந்தால், நீ அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாய்.

"முருகன் மேல சத்தியமா சொல்றேன்டா" என்றேன். இன்னும் சிரித்தான். டாக்டர் பேரைச் சொன்னேன், ரத்த ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன்.

"டீடெய்லு சூப்பர் மாமா" என்றான்.

தலைக்கு மேல் கை மரத்துப்போய், சிலுவையில் அறைந்தவன் மாதிரி நான் நிற்க, நீங்கள் இரண்டு பேரும் என்னை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். போனை வைத்ததும், "எறங்குடா, தோளு வலிக்கப்போவுது" என்றாய். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பொய் சொல்வதில் நான்தான் ராஜா என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தனியாக அவனுக்குப் போன் போட்டேன். "நீங்க மறுபடி கூப்புடுவீங்கன்னு அம்மா சொல்லிச்சு மாமா" என்றான். என் வீட்டுக்காரியைப் பேசச் சொன்னேன். அவளிடம் நீ ஏற்கெனவே சத்தியம் வாங்கி வாயைக் கட்டிப்போட்டிருந்தாய். அவன் வந்தபோது நீ கூடத்தில் மாலையோடு கிடந்தாய். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்தப் பெட்டியைப் பிறகு உன் பீரோ மேல் சும்மா வைத்தேன். அங்கிருந்தே சிக்னல் நன்றாக எடுத்தது.

இப்போதும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறான், அக்கா. பழையபடி சிரிக்க வைத்துவிடலாம் என்று போன வாரம், நம் ஏரியில் முதலை வந்திருக்கிறது, கம்பெனி பஸ்ஸின் டயரைக் கடித்துத் துப்பிவிட்டது என்றேன். ஷிப்ட் ஆட்களெல்லாம் பஸ் கூரை மேல் ஏறிவிட்டார்கள் என்றும் சேர்த்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆவலியே மாமா? நீங்க அந்தப் பக்கம் போவாதீங்க" என்றான்.

"போவலடா" என்றேன்.