சாட்சிக்கூண்டில் தம்பி

பம்பாய்,
14-2-1965

அன்புள்ள அப்பாவுக்கு அமராவதியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் இருவரும் நலம்.

வழக்கு முடிந்தது. மெத்தைக்கான பாலியூரித்தேன் நுரைப் பாளம் பொங்கி நின்றதும், உள்சூட்டில் நடுவே கருகாமலிருக்கக் கம்பியால் துளையிடுவது தம்பி சோலையப்பனின் முறை. அதைக் காப்பியடித்ததாக அவன் வழக்குத் தொடுத்த பெரிய கம்பெனி, அதன் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டிருந்தது. தாங்கள் கத்தியால் கீறுவது துளையிடுவதாகாது என்றும் வாதாடியது. ஆகும் என்றார் நீதிபதி, விசாரணையின் நடுவிலேயே. காப்புரிமை விண்ணப்பத்தை எழுதியவள் நான் என்பதால் சற்று நிம்மதியானேன்.

பிறகு அவர்கள் வக்கீல், "அருமையான கண்டுபிடிப்பு" என்று கூண்டில் நின்ற தம்பியைப் புகழ்ந்தார். புகழ்ந்தால் நம் ஊரில் சொல்வதையே அவனும் கைகட்டிச் சொன்னான்: "அட, இதுல என்னங்க இருக்கு? யாருக்கும் தோணுறதுதானுங்களே."

அங்கே தமிழறிந்தவர் வேறு யாருமில்லை. இரு தரப்பும் சம்மதித்து மொழிபெயர்க்க நின்றவளும் நான்தான். சத்தியம் செய்திருந்தேன், அப்படியே சொன்னேன். யாருக்கும் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாது. ரத்தாகிவிட்டது, பட்டறையை மூடுகிறான்.

"நீ வேற என்னத்தக்கா சொல்லுவ?" என்றான். ரசாயன நெடியில் அவனுக்கு இருமல் இருக்கிறது. சுக்குப்பொடி அனுப்புங்கள், எனக்கும் சேர்த்து.

தபால் எடுக்கும் நேரம். அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள், அப்பா. பாராட்டி மட்டும் எழுதாதீர்கள்.

அமராவதி