பாலிஷ் போட்ட கல்

சித்தூர், 14 ஜூன் 2025, சனிக்கிழமை, இரவு 9.10
குறிப்பு 166: கண்காட்சிக் கல்

குவாரியில் இறந்தவர்களின் பெயர்களை, வெட்டியெடுத்த கல் பிளாக்குகளுக்கு எண் போடும் சிவப்புப் பெயிண்டில் அவரவர் குடும்பத்தாரே எழுதிய கல், நான் அமைக்கும் கண்காட்சிக்கு உயிர். இன்று அது பாலிஷ் போடப்பட்டு, ஒரு பெயரும் இன்றி வந்தது. பாலிஷுக்கு அனுப்பியவர் என் நண்பர், ஓய்வுபெற்ற மேஸ்திரி முனுசாமி. திறந்துவைக்க வரும் குவாரி முதலாளியின் கண்ணில் அப்பெயர்கள் படக்கூடாதாம்.

உங்கள் தம்பி பெயரும் இருந்ததே என்றேன்.

"அவன் போய்ட்டான், வாத்தியாரே. எம்புள்ள அங்கதான் வேலை செஞ்சிக்கினு கீறான்."

அவர் பயம் நியாயமே. ஆயினும் முன்னரே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விழாக் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இணைப்பு: கண்காட்சி மண்டபச் சாவி ஒன்று, என் பெயரை நானே கோடிட்டு அடித்த அழைப்பிதழ் ஒன்று.