சாமை காணாமல் போன பதினாறு நாள்

பெங்களூரு
11.2.2009

என் அன்புக் கவிதாவுக்கு,

நலமா என்று வழக்கம்போல் ஆரம்பிக்க இன்று கை வரவில்லை. உயிரோடு இருக்கிறாயா என்றுதான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு நாளாக இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

திங்கட்கிழமை மதியம் எங்கள் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் பத்துப் பத்திரிகைத் தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. எங்கள் சர்வர் ஒவ்வொரு முறையும் உன் நிரலை நீ பொதுவில் வைத்திருக்கும் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டுதான் ஓடும். போய்ப் பார்த்தால் நிரலைக் காணோம். நீ எழுதி வைத்த பாடங்கள், நீ வைத்துக்கொண்ட சாமை என்ற புனைபெயர், எதுவுமே இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது.

எம்.சி.ஏ. கடைசி வருஷம் நாமக்கல் விடுதியில் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ரூபி நிரல்மொழி படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "ஜப்பான்காரர் செஞ்ச மொழியப் படிச்சு என்னங்கடி பண்ணப் போறீங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். நம் தமிழ் எழுத்துகளைக் கண்டால் அந்த ரூபி கண்டபடி வெட்டிப் போட்டது. வெட்டாமல் இருக்க நீ ஒன்று எழுதினாய். கல்யாணமாகி மலையேறிப் போன பிறகும், செம்மேட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை வளர்த்தாய். இன்று முப்பது நாட்டில் ஓடுகிறது. போன மாதக் கடைசியில் ரூபி 1.9.1 வந்து பழைய நிரல்கள் பாதி படுத்துக்கொண்டபோது, ரூபிக்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சாமை சார் மாற்றிக் கொடுத்துவிடுவார்." சார்! அறுபது வயது, வெள்ளைத் தாடி என்று ஒருவர் படமே வரைந்திருந்தார். அதைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருப்பேன்.

இப்போது அந்தக் குழுவில் ஒருவர் "சாமை இறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். நீ கொடுத்த செல்போன் எண் அணைந்து கிடக்கிறது. எங்கள் மேலாளர் ஜீவானந்தம் சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறார். மூன்று வருஷமாக உன் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கண்டதும் ஒரு வரி எழுது.

பதறிக்கொண்டிருக்கும்,
அனுராதா

*

பெங்களூரு
19.2.2009

கவிதா,

பதில் இல்லை. ஒரு தபாலட்டைகூடவா இல்லை?

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நேற்று ஜீவானந்தம் சார் எல்லோர் முன்னாலும், "அந்த ஆள உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுங்க அனுராதா. சொல்லப் போறீங்களா, இல்லையா?" என்று கத்தினார். அதே நேரம் குழுவில் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. எழுதிவிட்டேன். சாமை என்பவர் ஆணல்ல, கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் என் தோழி கவிதா, அவளைத் தொடர்புகொள்ள யாராவது உதவுங்கள் என்று.

பயத்தில்தான் எழுதினேன். அதில் கோபமும் கொஞ்சம் இருந்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பத்து நாளாக நான் வாங்கிய பேச்சு அவ்வளவு. சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டுப் போக அப்படி என்னடி வந்தது உனக்கு?

அனு

*

கொல்லிமலை
25.2.2009

அன்புள்ள அனு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டையும் நேற்றுதான் பிரித்தேன்.

அவர் போய்விட்டார். பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை காலை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறியவர், ஒற்றைக்கால் ஏணி வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். கூடையிலிருந்து மிளகு முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஜீப்பில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். பாதி வளைவு இறங்குமுன்பே என் மடியில் எல்லாம் முடிந்துவிட்டது. நீ கூப்பிட்ட அந்த எண் அவருடையதுதான். சட்டைப்பையில் இருந்தது.

நிரலை நான்தான் எடுத்தேன். காரணம் சொல்கிறேன். நீ அடிவாரத்தில் பிறந்தவள், உனக்கு இது தெரியாது. எங்கள் ஊரில் யார் வந்து கேட்டாலும் விதை கொடுப்போம், இல்லை என்பது கிடையாது. ஆனால் சாவு விழுந்த வீட்டிலிருந்து பதினாறு நாள் விதை வெளியே போகாது. போனால் வாங்கினவர் காட்டில் முளைக்காது என்பார்கள். பதினாறாம் நாள், முன்பு வாங்கிப்போனவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவந்து கூடையில் போடுவார்கள். அதன்பிறகு மறுபடியும் கொடுக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் என் மாமியார் விதைக்கூடைகளைத் துணி போட்டுக் கட்டினார். "நம்மூட்டுல இருந்து ஒண்ணும் வெளிய போவக் கூடாது சாமி" என்றார். அன்றைக்கே ஏதோ தாளில் என் கையெழுத்து வேண்டும் என்று செம்மேட்டு ஆபீசுக்கு அழைத்துப்போனார்கள். மாமனார் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எதிரே பிரவுசிங் சென்டர். நான் கொடுப்பது முப்பது நாட்டுக்குப் போகிறதே என்று நினைப்பு வந்தது. இன்றைக்கு நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. வாங்குகிற யாருக்கும் என்னால் கெடுதல் வரக் கூடாது என்றுதான் மூடினேன். பதினாறு நாள் கழித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். தோன்றவே இல்லை, அனு.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு முடிந்தது. ஊரே ஒரு கைப்பிடி கொண்டுவந்தது. நேற்று நிரலைத் திரும்ப வைக்கச் செம்மேட்டுக்குப் போனேன். சென்டர் வைத்திருக்கும் அர்த்தனாரி அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, நம்ம மலப் பேரெல்லாம் இன்டர்நெட்டுல வருதுங்க. உங்க பேருதானுங்களா அது?" என்றார். அவர் திறந்து காட்டினார். என் பெயர், என் ஊர், எத்தனையோ பேர் வாயில். ஒருவர் என்னைப் பொறுப்பில்லாதவள் என்கிறார். இன்னொருவர், "ஒரு மலைக்கிராமத்துப் பெண் இதை எழுதியிருக்க முடியாது. கணவர் எழுதியிருப்பார்" என்கிறார். எழுதினது அவராம், அனு. அவருக்கு மௌஸ் பிடிக்கக்கூடத் தெரியாது. நான் டைப் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, கடலை உரித்துக் கொடுப்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ரூபி. அந்த வரியைப் படித்துவிட்டு அங்கேயே அழுதேன். பதினாறு நாளில் அப்படி அழவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நிரலை எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரிடமும் இருப்பது முழுப்பிரதிதானே? உன் கணினியிலேயே என் நிரல் முதல் எழுத்திலிருந்து இருந்திருக்குமே. அதைப் பார்க்கவில்லையா?

கவிதா

*

பெங்களூரு
2.3.2009

என் கண்ணே கவி,

உன் கடிதத்தை அலுவலகத்துப் படிக்கட்டில் நின்று படித்தேன். இளங்கோ அண்ணன் போய்விட்டார் என்று இன்னும் நம்ப முடியவில்லை. உன் கல்யாணத்தன்று என் பையைச் செம்மேட்டிலிருந்து தலையில் சுமந்துகொண்டு வந்தாரே. அந்தத் திங்கட்கிழமை, நீ அவரை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் போய் இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. இங்கே நான் என் பத்துத் தளத்துக்காகக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கணினியைப் பார்த்தேன். இருக்கிறது. முழுசாக இருக்கிறது. அன்று மதியமே அதை எடுத்துப் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தளங்கள் எழுந்திருக்கும். யாருடைய பெயரையும் சொல்லியிருக்க வேண்டாம். உன்னுடையது போய்விட்டது என்ற பதற்றத்தில் என்னிடம் இருக்கிறதா என்று நான் திரும்பியே பார்க்கவில்லை. என்னைச் செருப்பால் அடி.

ஆனால் கெடுத்ததை நானே சரிசெய்துவிட்டேன், கவி. நேற்று குழுவில் எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். அண்ணன் விழுந்தது, விதைக்கூடை, பதினாறு நாள், எல்லாம். திட்டினவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். கணவர் எழுதியிருப்பார் என்றவர் தலைகுனிந்து எழுதியிருக்கிறார். பிரேசில், போலந்து, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ உனக்காக அழுகிறார்கள். உன் நிரலை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, "சாமையிடம் வாங்கியது" என்று எழுதித் தங்கள் பிரதியை வெளியே வைக்கிறார்கள். உங்கள் ஊர்க் கைப்பிடிபோலவே! போய்ப் பார். உனக்கு ஆறுதலாக இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன் அனு

*

கொல்லிமலை
5.3.2009

அனுவுக்கு,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வராதே.

போய்ப் பார்த்தேன். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒவ்வொரு மடலும் நல்ல மடல்தான். அவர்கள் கொண்டுவந்து வைத்த பிரதிகளையும் பார்த்தேன். முறைப்படி நான் மறுபடியும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டேன். 1.9.1-க்கும் மாற்றி வைத்திருக்கிறேன். இனி அதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். சாமை என்ற பெயரை மூடிவிட்டேன். அதைத் திறக்க மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். இங்கே நான் முதலில் சின்னுசாமி மகள். பிறகு இளங்கோ சம்சாரம். பிப்ரவரி ஏழிலிருந்து என்னவென்று உனக்குத் தெரியும். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாயியின் மகள் சடங்குக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், எதிர்பார்த்ததுதான். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள், சந்தை நாளில், இரண்டு மணி நேரம் ஒரு இடம் இருந்தது. அங்கே யாரும் நீ யார் வீட்டுப் பெண், யார் பொண்டாட்டி என்று கேட்கவில்லை. நிரல் ஓடுகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. பதினாறு நாள் முடிந்ததும் அங்கே போய் உட்காரலாம் என்ற நினைப்பில்தான் அந்தப் பதினாறு நாளையும் தள்ளினேன்.

இப்போது அங்கேயும் நான் புருஷனை இழந்தவள். யாரோ ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். உடனே இன்னொருவர், "பாவம், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று தடுத்துவிட்டார். அங்கேயும் ஒதுங்கி நிற்கிறார்கள், அனு.

முதல் தடவை நீ பயத்தில் சொன்னாய். அதை நான் மன்னித்துவிட்டேன். சத்தியமாக. இரண்டாம் தடவை அன்பில் சொன்னாய். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. உன்னிடம் சொன்னதை நீ எல்லோரிடமும் சொன்னாய், அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கவிதா

*

பெங்களூரு
16.10.2009

அன்புள்ள கவிதாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை. இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள். நாளை தீபாவளி. உனக்கு இந்த வருஷம் இல்லை என்பதால் வாழ்த்துச் சொல்லவில்லை.

இங்கே சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. நான் வேலை மாறிவிட்டேன். புது அலுவலகத்திலும் ரூபிதான். எல்லோரும் 1.9-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். சாமையின் நிரலை இப்போது போலந்துக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்.

குழுவில் ஆவணி மாதத்திலிருந்து புதிதாக ஒருவர் பதில் எழுதுகிறார். பெயர் சில்வர் ஓக். ஆங்கிலத்தில் ரத்தினச் சுருக்கமாக எழுதுவார். அமெரிக்காக்காரர் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, உயரமான மரமெல்லாம் இருக்கிற ஏதோ குளிர்நாடு என்று இன்னொரு கட்சி. வாரத்தில் ஒரே ஒரு நாள், பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள்தான் எழுதுகிறார். மற்ற நாளெல்லாம் சத்தமே இல்லை.

முதல் தடவை அந்தப் பெயரைப் பார்த்தபோது அந்த மடலை இரண்டு தடவை படித்தேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. போன வாரம் நானும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எல்லோரையும்போல, என் பெயர் போடாமல், புதிதாகப் படிக்க வந்தவள்போல. பொறுமையாகப் பதில் சொன்னார். தவறு என் நிரலில்தான், கடைசி வரியில் இருக்கிறது என்று காட்டினார். திருத்தினேன். ஓடியது.

நேற்று மதியம் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்காரும் சத்யா கேட்டாள்: "அனு, உனக்குத்தான் பழைய ஆளுங்களையெல்லாம் தெரியுமே. இந்த சில்வர் ஓக் யாரு?"

தெரியாது என்றேன்.

அனுராதா