பின்பக்கத்தில் ஒன்பது

ஹோல்ட்ஸ்பாக், மே 14

அன்புள்ள ரோஸ்விதா அக்காவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய்.

நகர்மன்றத் தேர்தலில் நான் நிற்கிறேன். தீயணைப்பு நிலைய வாக்குச்சாவடிக்கு நீ தலைவி. வாக்கு எண்ண நீ சேர்த்திருக்கும் இருவரைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. ஹைதம் சிரியாவிலிருந்து அகதியாக வந்தவன், போன வருஷம்தான் குடியுரிமை வாங்கினான். ஃபைனா லெர்மன் யூதப் பெண். பீர்க்கடையில் நம் ஆட்கள், "அகதி எண்ணுவான், யூதக்காரி பின்னால இருந்து ஆட்டிவைப்பா, நம்ம ஓட்டு போன இடம் தெரியாது" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊர் அமைதிக்காகச் சொல்கிறேன். இருவரையும் காபி ஊற்ற வைத்துக்கொள், எண்ண வேண்டாம்.

உன் தம்பி,
கெர்னோட்

மே 17

தம்பி கெர்னோட்டுக்கு,

முதுகு நேராகத்தான் இருக்கிறது.

ஃபைனா ஆட்டிவைக்கிறாராமா? நாலாவது மாடியில் இருக்கிறார், ஆறு வாரமாக லிஃப்ட் ஓடவில்லை. அதைச் சரிசெய்ய வீட்டு உரிமையாளரையே அவரால் அசைக்க முடியவில்லை. ஹைதமிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "காபி நல்லாவே போடுவேன் மேடம். ஆனா எண்ணி முடிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றார்.

மருந்துக்கடை வாசலில், நாஜிகள் கொன்றவர்களின் நினைவாகப் பதித்த பித்தளைக் கல்லில் பெயர் இருக்கிறதே, லேவிசோன் என்ற யூதர், அவரும் நகர்மன்றத்தில் இருந்தவர்தான். 1933இல் ஊர் அமைதிக்காகக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று அவரிடமும் சொன்னார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். சில மாதங்களில் அவர்கள் நாற்காலிகளும் போயின. அப்புறம் எண்ணுவதற்கு ஓட்டே இல்லை. யார் எண்ணலாம் என்று இன்று பீர்க்கடை முடிவு செய்தால், யார் ஓட்டுப் போடலாம் என்பதையும் நாளைக்கு அதுவே முடிவு செய்யும்.

எண்ணும்போது கதவு திறந்துதான் இருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் வந்து நின்று பார்க்கட்டும். பட்டியல் மாறாது.

அக்கா

ஜூன் 3

அக்கா,

சொன்னால் கேட்கமாட்டாய். "தீயணைப்பு நிலையத்தில் உங்கள் ஓட்டு திருடு போகும்" என்று துண்டுத்தாள் ஒட்டிவிட்டோம். அந்த இருவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது, உன் பெயர் இல்லை. அந்த மரியாதையை நினைத்துப்பார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இனி நான் வரவில்லை.

கெர்னோட்

ஜூன் 11

கெர்னோட்,

ஐந்து வாக்கில் ஜெயித்திருக்கிறாய். எப்படி ஜெயித்தாய் என்று தெரிந்துகொள்.

காவல் காக்க வந்த உன் ஆட்கள் பசிக்கிறது என்று மாலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். வாக்குச்சீட்டு மேசைவிரிப்பு அளவு என்பது உனக்கே தெரியும். உங்கள் அணியின் பெயர்கள் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் குறி எதுவும் இல்லாத ஒன்பது சீட்டுகளைத் திருப்பிப் பார்க்காமல் செல்லாதவைக் குவியலில் போட்டேன். போட்டது நான். இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறவள். அசதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முன்பக்கத்தில் மற்ற அணிகளுக்குக் குறியிட்ட சீட்டு ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேனே. வெட்கமாக இருக்கிறது.

செல்லாதவற்றை மறுபடி சரிபார்த்தவர் ஹைதம். ஒவ்வொன்றாகத் திருப்பி, "மேடம், இதெல்லாம் உங்க தம்பி ஓட்டு" என்றார். பக்கத்தில் அவர் பெயர் போட்ட உன் துண்டுத்தாள் ஜன்னலில் ஒட்டியிருந்தது. ஃபைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சத்தமா எண்ணுங்க, நான் எழுதுறேன்" என்றார். ஒன்பதையும் உன் பெயருக்கு எழுதினார். பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

என் தவறை அறிக்கையில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயும் உன் வேலையைச் செய். ஊரில் ஒட்டிய தாள் ஒவ்வொன்றையும் உன் கையாலேயே பகலில், நாலு பேர் பார்க்கக் கிழித்தெடு. அதுவரை என் வீட்டுப் படி ஏறாதே. ஏறும் நாளில் சாப்பாட்டு மேசையில் அவர்கள் இருவரும் இருப்பார்கள்.

அடுத்த தேர்தலுக்கு எண்ணுபவர்கள் பட்டியலை இன்றே கொடுத்துவிட்டேன். முதல் இரண்டு பெயர்கள் எவை என்று உனக்குத் தெரியும்.

ரோஸ்விதா