மூன்றாம் தரம் கேட்டபோது

சாப்பிடுகிறாயா என்று மூன்று தரம் கேட்காமல் யாரையும் வாசலைத் தாண்ட விடாத என் அன்பு அம்மாவுக்கு,

நான் வந்து சேர்ந்து ஒன்பது நாளாகிறது. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா மட்டும் நின்றிருந்தார். நீ இல்லை என்று தை மாதமே கடிதம் வந்துவிட்டது. ஆனாலும் அவருக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தேன்.

இங்கே எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள். மாணவர் பரிமாற்றம் என்று ஜெர்மனிக்குப் போனாயே, அந்தப் பெரிய ஊரில் ஒரு வருஷம் எப்படிக் காலம் தள்ளினாய்? நானும் சொல்கிறேன். டிராமில் ஏறாமல் பள்ளிக்கு நடந்தேன்; மலை ஏறிய காலுக்கு அந்தச் சமதரை ஒன்றுமில்லை. ரொட்டிக் கடையில் நேற்றைய ரொட்டி பாதி விலை. சந்தை கலைகிற நேரத்தில் அடிபட்ட ஆப்பிளைக் குறைத்துக் கொடுப்பார்கள். நூலகத்தில் புத்தகமும் இலவசம், கணகணப்பும் இலவசம். கேட்பவர்கள் கெட்டிக்காரி என்கிறார்கள்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது, அம்மா.

நான் தங்கிய வீட்டம்மா நல்லவர். காலையிலும் இரவிலும் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான் என்பது ஏற்பாடு. போன அன்று சாயங்காலம் மேசையில் நாலு தட்டு வைத்து, சாப்பிடுகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும்? நம் பக்கம் முதல் தரம் கேட்டால் வேண்டாம், இரண்டாம் தரம் கேட்டால் இப்போதுதான் ஆயிற்று, மூன்றாம் தரம்தான் உண்மை. முதல் தரமே உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்கு அலைந்தவள் என்பார்கள். அந்த அம்மா தலையை அசைத்துவிட்டு நாலாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். நான் இரண்டாவது கேள்விக்காக அங்கேயே நின்றேன்.

மறுநாளும் ஒரே ஒரு தரம் கேட்டார். மூன்றாம் நாள் மேசையில் மூன்று தட்டுதான் இருந்தது. காலை ரொட்டியை அவரவரே எடுத்துக்கொள்வதால் அது மட்டும் தப்பியது.

எங்கள் இந்தியப் பெண் இரவில் உண்ண மாட்டாள், அது அவர்கள் விரதம் என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு இடைஞ்சலாகக் கூடாதென்று சாப்பாட்டு அறைக் கதவை மெதுவாகச் சாத்துவார். அவ்வளவு மரியாதைக்கு நடுவில் பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அந்த வாக்கியத்தை அகராதி பார்த்து அவர்கள் மொழியில் எழுதிப் புத்தகத்தில் வைத்திருந்தேன். முதல் வாரம் சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். நாலு மாதம் கழித்துச் சொன்னால் நான் பொய்க்காரி. கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனாலும் நான் அடைபட்டுக் கிடந்தேன்.

கைக்காசு மத்தியான ரொட்டிக்கே சரியாகிவிடும்; இரவுக்கு நீ கட்டிக்கொடுத்த சாமை அரிசிதான் துணை. டம்ளரில் ஒரு பிடி போட்டு, குழாயில் வருகிற வெந்நீரை ஊற்றி, அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய்மேல் வைப்பேன். அரை வேக்காடுதான். அது மாசி வரை வந்தது.

நீ போன செய்தி வந்த அன்று வீட்டம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். திரும்புகிற தேதி டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. அதற்கு முன்னால் வர வழியில்லை. அன்றைக்கு அவர் கதவை இன்னும் மெதுவாகச் சாத்தினார்.

உனக்கு எழுதியது வேறு. மாடிக்கு வரும் வாசனையை வைத்தே எழுதினேன்: இன்று முட்டைக்கோஸ் சூப், இன்று வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு. அப்பா படிக்க நீ கேட்டாய். கேட்டதை ஊருக்கெல்லாம் சொன்னாய்.

நேற்று சந்தைக்கு வந்த பூங்காவனமும் அவள் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். இந்த வருஷம் அந்த வீட்டுக்குப் போகப்போவது அவள்தான். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

"அங்க இன்னா துன்னக் குடுப்பாங்க? இது வாயத் தொறந்து கேக்காது. அதான் எனக்கு பயமா இருக்குது" என்றார் அவள் அம்மா.

அப்பா உடனே டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கடிதங்களை எடுத்து வந்தார். "எம் பொண்ணு எழுதுனத கேளுங்க. நம்ம வூட்ட விட அங்க ஜாஸ்தியா துன்னுச்சி."

என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன், அம்மா. சூப்பையும் உருளைக்கிழங்கையும் வரி விடாமல் படித்தேன். நான் வந்த பிறகு அப்பா சிரித்து அப்போதுதான் பார்த்தேன். எப்படி நிறுத்துவது?

"அப்ப சாமை வாணாம்மா. அந்த எடத்துல பொஸ்தகம் வெச்சிக்கிறேன்" என்றாள் பூங்காவனம். போன வருஷம் நானும் உன்னிடம் இதையேதான் சொன்னேன். நீதான் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் கடிதங்களை அடுக்கினேன். நீ சொல்லச் சொல்ல அப்பா எழுதிய உன் கடைசிக் கடிதம் என் பையில் இருந்தது. அதையும் சேர்த்து வைக்கும்போது மறுபடி படித்தேன். முதல் வரியிலேயே சாப்பிட்டாயா என்று இருக்கிறது. சாமை அடித்தது, மாடு கன்று போட்டது எல்லாம் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட்டாயா. கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி, "நெஜமா துன்றியாடி?" அங்கே படித்தபோது உனக்கு மறதி என்று நினைத்தேன். நேற்றுதான் எண்ணிப் பார்த்தேன்: மூன்று தரம்.

தெரிந்துதான் கேட்டாயா? வயிறு நிறைய என்று பதில் எழுதினேனே, அது வரும்வரை நீ இருந்தாயா? அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை.

உன் பழைய துணிப்பையில் புதுச் சாமை நிரப்பி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் பூங்காவனம் வீட்டுக்கு நடந்து போவேன். எழுதி வைத்த அந்த வாக்கியத்தை அவளிடம் கொடுத்து, முதல் தரம் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடு என்பேன். ஏன் என்றும் சொல்வேன். அதற்கு முன்னால் அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அவர் களி கிண்டிக்கொண்டிருக்கிறார். இன்று ஒரு தரம் கூப்பிட்டதும் போய் உட்காருவேன், உட்கார்ந்து சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ ஓரத்தில் கேட்டதற்கு என் பதில்: இல்லம்மா, துன்னல. பசிச்சிது.

உன் மகள்,
செல்வி