நீ யாரோட ஆள்?

டாலிபர்க்,
தெற்கு யூயிஸ்ட் தீவு.
மே 3

அன்புள்ள யூவனுக்கு,

'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்க மனமில்லை, இருக்கட்டும். எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். அப்பா நலமாக இல்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். திரையில் உன் முகத்தைப் பார்த்தால் என் கோபம் கரைந்துவிடும். நீ இரண்டு நல்ல வார்த்தை பேசுவாய், நானும் சரிதான் என்று வைத்துவிடுவேன். இந்த முறை கரையக் கூடாது. நீ குறுக்கே பேச முடியாதபடி, நான் சொல்வதை முழுதாகப் படிக்க வேண்டும்.

அப்பாவின் பிறந்தநாளை நினைத்துப் பார். பெக்கி சித்தி துணியில் கட்டி அவித்த பழப்புட்டு மேசை மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மர்டோ சித்தப்பா, என் மகள் மோராக், அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் பையன் எல்லோரும் அடுக்களையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கனடாவிலிருந்து நீ திரையில் வந்தாய், புதுக் கில்ட் கட்டிக்கொண்டு. எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூட விழாவுக்குக் கில்ட் கட்டச் சொன்னபோது, பொம்பளப் பிள்ளைப் பாவாடை எனக்கு வேண்டாம் என்று அதைக் கோழிக்கூண்டில் ஒளித்து வைத்தவன் நீதானே! வம்சாவளி தேடும் கிறுக்குப் பிடித்த பிறகு கடைத்தெருவுக்கும் அதைக் கட்டிக்கொண்டு போகிறாயாம். போகட்டும், நல்லதுதான் என்றுதான் நினைத்தேன். ஆனால் குலத்துக்கு ஒரு கட்டம் உண்டே, அது நம் மெக்கின்னஸ் குலத்துக் கட்டம் இல்லை. வேறு நிறம், வேறு கோடு.

அப்புறம் நீ சொன்னாய். "நாம மெக்கின்னஸே இல்லப்பா. ரத்தத்துல ஒரு சொட்டுகூட இல்ல. நாம எலியட். தெற்கு எல்லைக்காரங்க. இத்தனை நாளா யாரோ ஒருத்தரோட துணியைக் கட்டிட்டுத் திரிஞ்சிருக்கோம்." சொல்லிவிட்டு, நாங்கள் வாய் பிளப்போம் என்று காத்திருந்தாய்.

போன கோடையில் வந்திருந்தபோது, உடம்புக்கு என்னென்ன நோய் வரும் என்று பார்க்கலாம் என்று சொல்லித்தானே அப்பாவின் எச்சிலைக் குழாயில் வாங்கிப் போனாய்? அவரும் உன்னை நம்பித் துப்பிக் கொடுத்தார். அதை நீ வம்சாவளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாய்.

இங்கே யாரும் வாய் பிளக்கவில்லை, கவனித்தாயா? பெக்கி சித்திதான் முதலில் பேசினாள். "இதுக்கா இந்தப் பய எச்சியைக் கப்பலேத்துனான்? என்கிட்ட கேட்டிருந்தா புட்டும் குடுத்து சேதியும் சொல்லியிருப்பேனே!" என்றாள். நீ அசடு வழியச் சிரித்தாய். அப்பா மட்டும் திரைக்குக் கிட்டே குனிந்து உன் கில்டைப் பார்த்தார். "ஊசியை மேல் துணியில மட்டும் குத்துடா. ரெண்டையும் சேத்துக் குத்தினா நடக்கும்போது கிழிஞ்சிரும்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் புட்டைத் தொடவில்லை.

அப்பாவுக்குத் தெரியாத எதையோ கண்டுபிடித்துச் சொன்னதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இந்தத் தீவில் நாய்க்குட்டிக்கும் தெரியும். கிளாஸ்கோவில் நாதியற்ற பிள்ளைகளைத் தீவு வீடுகளில் வளர்க்க அனுப்பிய காலத்தில், ஐந்து வயதில் கப்பலில் வந்து இறங்கியவர் அவர். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஒரு நாள் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும்போது கேட்டேன், சொன்னார். நீ கேட்டதே இல்லை. நாங்களும் ஒளிக்கவில்லை. சொல்ல வேண்டிய சேதி என்று யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

அன்றைக்குப் படகுத்துறையில் நின்றவர்கள் குனிந்து, இங்கே எந்தப் புது முகத்தையும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டார்கள். நீ யாரோட ஆள்? அவருக்கு நம் கேலிக் மொழி ஒரு வார்த்தை தெரியாது. மிரண்டுபோய் நின்றார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஓய்ரிக் பாட்டி, "என்னோட ஆள்," என்று சொல்லிக்கொண்டே வந்து கையைப் பிடித்தாளாம். நம் மொழியில் அவர் முதலில் கற்றது அந்த இரண்டு வார்த்தைகள். யாருக்குப் பிறந்தாய் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, யூவன். யாரோடு இருக்கிறாய் என்றுதான் கேட்கிறோம். பரிசோதனைக் குழாய்க்கு அந்தக் கேள்வி தெரியாது. நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள், சான்றுகளை மதிக்கிறவள். எலியட் என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது உனக்குப் பதில் கொடுத்தது, ஆனால் நீ தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறாய்.

'யாரோ ஒருத்தரோட துணி' என்றாயே, அது பாட்டியோடு சேர்ந்து அப்பாவை வளர்த்த டார்மட் தாத்தாவின் கில்ட். அப்பாவின் கல்யாணத்துக்காக ஓய்ரிக் பாட்டி அதன் மடிப்பு அத்தனையும் பிரித்து, அவர் இடுப்புக்கு ஏற்ப மறுபடி கையால் தைத்தாள். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

நீ பேசிய மறுநாள் காலையில் அப்பா அதை மடித்துப் பையில் போட்டு, மழையில் நடந்தே மர்டோ சித்தப்பா வீட்டுக்குப் போனார். "இது உங்க வீட்டுது. உங்க பெரியப்பாவோடது," என்றாராம். சித்தப்பாவுக்கு வந்த கோபத்தைப் பெக்கி சித்தி சொல்லிக் கேட்க வேண்டும். "எங்க பெரியப்பா உனக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்க நான் யாருடா, கிழட்டுக் கழுதை!" என்று வாசல்வரை வந்து கத்தினாராம். அப்பா பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். பை இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லையாம்.

இந்த மாதக் கடைசியில் மோராகின் கல்யாணம். தகப்பன் இல்லாத குறை தெரியாமல் அவளை வளர்த்தவர் அப்பா. அவர் கையைப் பிடித்துத்தான் கோயிலுக்குள் நடப்பேன் என்று அவள் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறாள். இப்போது அவர், சாவுக்குப் போடும் கறுப்புக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பின் வரிசையில் உட்காருகிறேன் என்கிறார். "நான் கூட்டிட்டுப் போனா யார் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுவாங்கம்மா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அவள் என் மடியில் விழுந்து அழுத அழுகையை நீ கேட்டிருக்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வியாழக்கிழமை ரத்த அழுத்தம் பார்க்க அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பார்ரா தீவிலிருந்து புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண், கலகலவென்று பேசுகிறவள், கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே வழக்கமாகக் கேட்டாள். "நீங்க யாரோட ஆளு, தாத்தா?" வாழ்நாள் முழுக்க அவர் இதற்கு யோசித்துப் பதில் சொன்னதில்லை. ஓய்ரிக், டார்மட்டோட ஆள் என்று மார்பை நிமிர்த்திச் சொல்வார். அன்றைக்குத் தரையைப் பார்த்தார். "தெரியல, பொண்ணே," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் போன் செய்யாதே. 'பரவால்லடா' என்று சொல்லி வைத்துவிடுவார், நீயும் நிம்மதியாகத் தூங்குவாய். கிளம்பி வா. எலியட் கில்டையே கட்டிக்கொண்டு வா, எனக்கு அதில் வருத்தமில்லை. அதுவும் அவர் வந்த வழிதான். முதலில் மர்டோ சித்தப்பா வீட்டுக்குப் போ. அவர் திட்டுவார், வாங்கிக்கொள். நாற்காலியில் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வை. உன் ஊசியை அவரையே சரியாகக் குத்திவிடச் சொல். உன் சின்ன வயதில் அவர் செய்ய நினைத்து, நீ கோழிக்கூண்டுக்கு ஓடியதால் செய்யாமல் போன வேலை அது.

கப்பலை விட்டு இறங்கும்போது துறையில் யாராவது கேட்பார்கள். உன்னைத் தெரிந்தவர்களே கேலிக்காகவாவது கேட்பார்கள். உரக்கப் பதில் சொல். அப்பாவைக் காரில் கூட்டி வந்திருப்பேன். இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார். காற்று எப்படி அடித்தாலும் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்கிறேன்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்
அக்கா ஷீனா